கருக்கன் விழுங்கிய பாதி

நீ பாதியைத்தான் சொன்னாய். நம்மைப் பெற்றவள் சொன்ன வார்த்தையில் உனக்கு வசதியான பாதியை ஊரறியச் சொன்னாய். மீதியை விழுங்கிவிட்டு மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாய். உன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இரண்டு முள்ளம்பன்றிகளின் கதையைச் சொல்கிறேன். எந்த இடத்தில் உனக்குச் சுடுகிறது என்று பார்ப்போம்.

மலையடிக் காட்டில் ஓடையை ஒட்டி ஒரு வளை இருந்தது. அதற்குள் இரண்டு அறைகள். மேட்டு அறை பாறைக்கு அடியில் இருந்தது. எவ்வளவு பெரிய மழைக்கும் அதில் ஈரம் இறங்காது. பள்ளத்து அறை ஓடைக்கரையில் இருந்தது. ஐப்பசி பிறந்தால் அதற்குள் தவளை கத்தும்.

கருக்கன் என்ற அண்ணனும் சிலும்பி என்ற தங்கையும் அந்த வளையில்தான் பிறந்தார்கள். தாய் இறந்ததும் பங்கு பிரிக்க உடும்பை அழைத்தார்கள். அந்தக் காட்டில் வழக்குத் தீர்ப்பது உடும்புதான்.

கருக்கன் முந்திக்கொண்டான். "இதுல பேச என்ன இருக்கு? சாப்பாடு வந்தா அம்மா என்ன சொல்லும்? 'மூத்தது பிரிக்கட்டும்'னு சொல்லும். இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க தங்கச்சியை."

சிலும்பியால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. தினமும் கேட்ட வார்த்தை அது.

"அப்படின்னா நீயே பிரி" என்றது உடும்பு.

"மேட்டு அறை எனக்கு. பள்ளத்து அறை அவளுக்கு" என்றான் கருக்கன். ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

அன்றைக்கு சிலும்பி சின்னவள். வாயை மூடிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். பிறகு காடு அவளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது. நரியிடம் ஏமாந்தாள், கரடியிடம் ஏமாந்தாள், குரங்கிடம்கூட ஏமாந்தாள். ஏமாந்த ஒவ்வொரு முறையும் முதுகில் ஒரு முள் கெட்டியானது. கடைசியில் அவள் பேரம் பேச வந்தாலே பன்றிக்கூட்டம் வழிவிட்டு நிற்கும் நிலை வந்தது.

ஆனால் தண்ணீரோடு பேரம் பேச முடியுமா? போன மழையில் அவளுடைய குட்டியை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது. ஒரு வேரில் சிக்கியதால் பிழைத்தது. இப்போது மறுபடியும் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

சிலும்பி மேட்டுக்கு ஏறினாள்.

"அண்ணா, பங்கை மறுபடி பேசணும். இன்னொரு மழையைப் பள்ளத்துல தாங்க என் பிள்ளையால முடியாது."

"பிரிச்சு முடிச்சதை ஏம்மா கிளறுற? அம்மா வார்த்தைக்கு மேல நமக்கு வார்த்தை உண்டா?"

"அம்மா அதோட நிறுத்தாது. அப்புறமும் என்னவோ சொல்லும்."

கருக்கன் கண்ணை இடுக்கினான். "என்ன சொல்லும்? சொல்லு, கேக்குறேன்."

அவளால் சொல்ல முடியவில்லை. குட்டியாக இருந்தபோது முதல் பாதி காதில் விழும்; அண்ணன் பிரித்ததும் தன் துண்டைக் கவ்விக்கொண்டு ஓடிவிடுவாள். மீதி வார்த்தை அவள் முதுகில்தான் விழுந்திருக்கும்.

அங்கிருந்து நேராக உடும்பிடம் போனாள். "ஐயா, ஒண்ணு மட்டும் யோசிங்க. பிரிச்சவன் அவன். ஆனா முதல் துண்டு எப்பவும் எனக்குத்தான் வந்துச்சு. 'எனக்கு மட்டும் கடைசி வேர்த்துண்டா'ன்னு அவன் அழுதது எனக்கு ஞாபகம் இருக்கு. அது எப்படி?"

உடும்பு நாக்கை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தது. "வாடை அடிக்குதும்மா. ஆனா வாடையை வெச்சு நான் தீர்ப்பு சொல்ல முடியாது. வார்த்தையைக் கொண்டா."

எரிச்சலோடு வளைக்குத் திரும்பினாள். குட்டி வாசலில் சேற்று மூக்கோடு முழித்துக்கொண்டு நின்றது. "மூக்கைத் தொடச்சிட்டு உள்ள வா! விருந்தாளி மாதிரி வாசல்ல நிக்காதே!" என்று கத்தினாள்.

கத்தியவள் அப்படியே நின்றுவிட்டாள். அது அவள் வார்த்தை இல்லை. அம்மாவின் வார்த்தை. அதே இழுப்பு, அதே கடுப்பு. யோசித்துச் சொல்லவில்லை; கோபத்தில் தானாக வந்தது.

என் வாயில் அம்மா இருக்கிறாள் என்றால், அவன் வாயிலும் இருப்பாள்தானே?

உடனே காட்டுப்பன்றியிடம் போனாள். அது குவித்து வைத்திருந்த மரவள்ளிக் கிழங்கில் ஒன்று கேட்டாள். பதிலுக்கு, வேலி சாய்ந்து கிடக்கும் ஒரு தோட்டத்தைக் காட்டுவதாகச் சொன்னாள்.

"பாதிக் கிழங்கு தர்றேன்" என்றது பன்றி.

"பாதிங்கற பேச்சையே எங்கிட்ட எடுக்காதே. வயிறு எரியுது. முழுசா குடு. ஒரு பக்கம் பெருத்து, ஒரு பக்கம் சூம்பினதா பார்த்துக் குடு."

"எல்லாரும் நேரா இருக்கறதைக் கேப்பாங்க. நீ கோணலைக் கேக்குற."

"கோணல்தான் எனக்கு இன்னைக்கு வேணும்."

கிழங்கை உருட்டிக்கொண்டு போகும் வழியில் உடும்பையும் கூப்பிட்டாள். "வாங்க ஐயா, அண்ணன் வீட்டுக்கு. இன்னைக்கு இந்த வழக்கை முடிச்சுக்கறேன்."

தங்கை பணிந்துவிட்டாள் என்று கருக்கனுக்குச் சந்தோஷம். "வா, வா. அதுதான் குடும்பத்துக்கு அழகு" என்று அரைக்கண் மூடிச் சாய்ந்துகொண்டான்.

"அத்தை வந்திருக்கு!" என்று அவனுடைய மூன்று குட்டிகளும் ஓடிவந்தன. சிலும்பி கிழங்கை நடுவில் வைத்தாள். "பெரியவனே, நீயே பிரி" என்றாள்.

அப்பனுக்குத் தப்பாத பிள்ளை அது. கிழங்கைக் கடித்து உடைத்து, பெருத்த பக்கத்தைத் தன் வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டது. மற்ற இரண்டும் அதன்மேல் பாய்ந்தன. கடைக்குட்டி காது கிழிய அலறியது. முள் பறந்தது. ஒரு முள் கருக்கனின் மூக்கிலேயே குத்தியது.

கருக்கன் எகிறி எழுந்தான். "எத்தனை தடவைடா சொல்றது? மூத்தது பிரிக்கட்டும், பிரிச்சது கடைசியா எடுக்கட்டும்!"

அதே இழுப்பு. அதே கடுப்பு. செத்துப்போன தாயே வந்து வளைக்குள் நின்றதுபோல் இருந்தது.

கருக்கனின் முட்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன.

"கருக்கா, அதை இன்னொரு தடவை சொல்லு" என்றது உடும்பு.

"அது... பிள்ளைகளுக்குச் சொல்றதுங்க."

"நாம பிள்ளைகளா இருந்தப்பத்தான் அம்மாவும் சொல்லுச்சு" என்றாள் சிலும்பி.

கடைக்குட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அப்பா தினமும் இதைத்தான் சொல்லும்" என்றது.

அதற்குமேல் உடும்புக்கு எதுவும் தேவைப்படவில்லை. "பிரிச்சது நீ. அதனால முதல்ல எடுக்கறது அவ. எந்த அறைம்மா உனக்கு?"

"மேட்டு அறை."

வெளியே முதல் இடி விழுந்தது. கருக்கன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு குட்டிகளோடு பள்ளத்தைப் பார்த்து நடந்தான்.

"நில்லு" என்றாள் சிலும்பி. "பிள்ளைங்க பள்ளத்துக்குப் போகக் கூடாது. தண்ணி வடியற வரைக்கும் என் பிள்ளையோட மேட்டுல படுக்கட்டும்."

"நான்?"

"நீயும் வா. ஆனா எல்லாரும் படுத்தப்புறம் வா. மிச்சம் இருக்கற இடத்துல படு."

அந்த மழை முழுவதும் வாசல் சாரலில் ஒரு முதுகு நனைந்துகொண்டிருந்தது. உள்ளே குட்டிகள் காய்ந்து கிடந்தன.

பெற்றவள் வார்த்தையை வெட்டி மேடு பிடித்தவனுக்கு, வெட்டிப் போட்ட மீதி அவன் வாயிலிருந்தே ஒரு நாள் வரும்.

நீயும் உன் பிள்ளைகளுக்கு முழுசாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாய்; அது எனக்குத் தெரியும். நம் வீட்டு வாசலுக்கு வந்து எல்லோருக்கும் கேட்கும்படி அந்த மீதியைச் சொல். சொல்லிவிட்டு மேட்டைவிட்டு இறங்கு. மழை வருவதற்குள் இறங்கு.