உள்ளான் முட்டையிடாத கண்மாய்

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. ஓடையன் என்ற உள்ளான் தன் மனைவி சின்னாத்தாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது கண்மாயின் வெறுந்தரையில். நான்கு முட்டைகளின் மேல் சிறகை விரித்து அவள் உட்கார்ந்திருந்தாள்.

"போய்க் கேட்டுட்டு வாங்க. கெஞ்சாதீங்க. செஞ்ச வேலையைச் சொல்லிக் கேளுங்க" என்றாள்.

செய்தது சின்ன வேலை இல்லை. கோடையில் தூர் வாருகிறவர்களுக்கு மழைக்காலத்தில் தண்ணீர் ஏறாத மண்திட்டில் கூடு வைக்க உரிமை. அது அந்தக் கண்மாயின் முறை. வடக்கே பனி மூடிப்போய், இங்கே குடியேற வந்த உள்ளான்கள் அந்த முறையை நம்பின. நாரைகள் நிழலில் நிற்க, இவை தம் சிறிய மூக்கால் வண்டலை வாரிக் கருவேல மரங்களடியில் கொட்டித் திட்டை உயர்த்தின.

ஆவணியில் வேலை முடிந்ததும் நாட்டாமை நாரை, "மரத்துல உட்காரத் தெரியாத உங்களுக்குத் திட்டு எதுக்கு? கொஞ்ச நாள் தரையில இருங்க, பாப்போம்" என்றது. கொஞ்ச நாள் ஒரு மாதமானது. முட்டை காத்திருக்குமா? தாங்கள் தோண்டிய பள்ளத்திலேயே இட்டன.

ஐப்பசி மழை பிடித்தது. ஓடையன் கேட்கப் போனபோது, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை அடைத்திருந்த மண்ணின் மேல் நாரை நின்றது. மறுபக்கம் ஆற்றுத் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, ரெண்டே நாள் பொறுத்துத் திறங்க. குஞ்சு பொரிச்சு ஓட ஆரம்பிச்சிரும். இல்லன்னா இப்பவே திட்டுல இடம் கொடுங்க, முட்டையை உருட்டிட்டுப் போயிருதோம்."

"ரெண்டு நாள்ல மீனெல்லாம் வேற கண்மாய்க்குப் போயிரும்லே."

"திட்டு நாங்க போட்டது."

"யாரு இல்லன்னா? நல்லாத்தான் போட்டிருக்கீங்க. அடுத்த வருஷமும் வாங்க, வேலை இருக்கு."

சொல்லிக்கொண்டே நாரை காலால் மண்ணைத் தள்ளியது.

தண்ணீர் முதலில் பள்ளத்துக்குத்தான் ஓடியது. ஓடையன் பறந்து வந்தபோது அங்கே நுரை மட்டும் சுழன்றது. சின்னாத்தா பறந்து தப்பியிருக்கலாம். முட்டைகளை விட்டு அவள் எழவில்லை.

"வெள்ளம் வந்தா யாரு என்ன செய்ய முடியும்?" என்று திட்டில் நாரைகள் பேசிக்கொண்டன. பங்குனியில் உள்ளான்கள் வடக்கே கிளம்பியபோது, "ஓரிடத்துல நிலைக்காத கூட்டம்" என்று சிரித்தன. நிலைக்க விடாதவர்கள் சொன்ன பேச்சு அது. வேலைக்கு வந்து போகும் மனிதர்களைப் பார்த்து ஊரார் இன்றும் அதை வாய் கூசாமல் சொல்கிறார்கள்.

அன்று முதல்தான் உள்ளான்கள் மழையோடு வந்து, சேற்றில் மேய்ந்து, வெயில் ஏறுமுன் போய்விடுகின்றன. திட்டு அங்கேயே இருக்கிறது. நாரைகள் அதில் கூடு வைக்கின்றன. நம் கண்மாய் எதிலும் உள்ளான் முட்டை கிடையாது.