ஆறாம் மேசை மீட்டர்

மறுநாள் காலை சென்னையில் சுடலைமணிக்கு நேர்முகத் தேர்வு. இரவு எட்டு மணிக்குப் பஸ். கிளம்புமுன் அருள்மேரி மேடத்தைப் பார்க்க மின்னியல் ஆய்வகத்துக்கு வந்தான். இரண்டாம் வருடத்தில் அவனுக்குச் செய்முறை வகுப்பு எடுத்தவர் அவர்.

“நாலு வருஷத்துல என்ன கத்துக்கிட்டேன்னு கட்டாயம் கேட்பாங்களாம் மேடம். என்ன சொல்லட்டும்?”

“அதுக்குத்தான் மனப்பாடம் பண்ணி வச்சிருப்பியே.”

“நாலு பக்கம் எழுதி வச்சிருக்கேன்.”

“வருஷத்துக்கு ஒரு பக்கமா?”

அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஓர் அம்மீட்டரை எடுத்து அவன் முன் வைத்தார். அதன் மேல் வெள்ளைப் பெயின்டில் ஆறு என்று எழுதியிருந்தது.

“எங்க மேசை மீட்டர்!”

“இணைச்சு ரீடிங் சொல்லு.”

மேசையிலிருந்த பல்பு சர்க்யூட்டில் இணைத்து சுவிட்சைப் போட்டான். பல்பு எரிந்தது. முள் அசையவில்லை.

இணைப்புகளைப் பிரித்து மறுபடி முறுக்கினான். வயர்களை மாற்றினான். அப்போதும் முள் பூஜ்யத்திலேயே நின்றது. ஐந்தாம் மேசை மீட்டரைக் கொண்டுவந்து வைத்தான். அதில் முள் ஓடியது.

“ஸ்க்ரூடிரைவர் இருக்கா மேடம்?”

கொடுத்தார். கழற்றினான். வெகு நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“உள்ள முள்ளுக்குப் போற மெல்லிசு கம்பி மட்டும் அறுந்திருக்கு. முனை பச்சை பூத்திருக்கு. அறுந்து ரொம்ப நாளாயிருக்கும்.”

“அடியில பாரு.”

திருப்பினான். ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பழுது என்று எழுதித் தேதி போட்டிருந்தது. அவன் கல்லூரியில் சேர்ந்த மாதம்.

அருள்மேரி பழைய ரெக்கார்டு நோட்டுகளின் அடுக்கில் தேடி ஒன்றை உருவினார். அவனுடையதுதான். அட்டவணை முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. மேசை எண் ஆறு. ஏழு ரீடிங்குகள். கீழே அவருடைய கையெழுத்து, பச்சை மையில்.

சுடலைமணிக்குக் காது சுட்டது. அன்று அவனும் கூட்டாளிகளும் ஐந்தாம் மேசையைப் பார்த்து எழுதிவிட்டு, ஒரு மணி நேரம் முன்னதாகவே கேன்டீனுக்குப் போயிருந்தார்கள்.

“உங்களுக்கு அப்பவே தெரியுமா மேடம்?”

“தெரியாது. போன மாசம்தான் திருப்பிப் பார்த்தேன். அன்னைக்கு நான் பார்த்தது உன் நோட்டை. முள்ளை நானும் பார்க்கலை.”

வெளியே கடைசிக் கல்லூரிப் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. அவன் நோட்டை மூடினான்.

“நாளைக்குக் கேட்டா என்ன மேடம் சொல்றது?”

“முள் அசையலைன்னு சொல்லு. அப்புறம் இந்த அரை மணி நேரத்தைச் சொல்லு.”

“அது போதுமா?”

அவர் கம்பிகளைப் பற்றவைக்கும் சால்டரிங் கோலின் பிளக்கைச் செருகினார்.

“ஒட்டத் தெரியுமா?”

“தெரியாது மேடம்.”

“உன் பஸ்ஸுக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. உட்காரு.”