முள்ளாயி வளையில் கறுத்த பாசி

மலையுச்சிப் பாறைக்கு அடியில் வளை தோண்டிக் குடியிருந்தாள் முள்ளாயி என்ற முள்ளம்பன்றி. அவள் புருஷன் ஒரு குளிர்காலத்தில் இருமத் தொடங்கினான். பதறிப்போன முள்ளாயி, மண்ணைக் குழைத்து வளையின் ஓட்டைகளை அடைத்தாள். அவன் இன்னும் இருமினான். அவள் இன்னும் அடைத்தாள். கடைசியில் அவன் செத்தே போனான்.

"குளிர்தான் ஆளைக் கொண்டுபோச்சு!" என்றது காடு.

முள்ளாயி மிச்சமிருந்த சந்துபொந்தையும் அடைத்தாள். மகள் பூமுள் ஒருத்தியாவது மிஞ்ச வேண்டுமே!

ஒருநாள் பக்கத்து மலையிலிருந்து செவலி என்ற கீரி வந்தாள். மரப்பட்டையில் படரும் வெள்ளைப் பாசியைக் கொத்தாகக் கையில் வைத்திருந்தாள்.

"அக்கா, சில பாறைங்க நஞ்சு மூச்சு விடும். நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. மூடின வளைக்குள்ள தேங்கி நெஞ்சை அரிச்சிடும்!"

"அடியாத்தி! கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாதுன்னா, உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம்?"

"எனக்கும் தெரியாதுக்கா. இந்தப் பாசிக்குத் தெரியும். நஞ்சு பட்டா கறுத்துடும். அடி அறையில வைங்க. வளையை எப்பவும்போல மூடியே வைங்க. முழுநிலாவுக்கு வந்து பார்க்கிறேன்."

கீரி போனதும் முள்ளாயிக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. பாசி கறுத்துத் தொலைத்தால் ஊர் என்ன பேசும்? 'முள்ளாயி வீடு நச்சு வீடு' என்று சிரிக்காதா? விருந்தாளி வருகிறதென்றால் வீட்டைத் திறந்து பெருக்குவதில்லையா, அதுபோலத்தான் இதுவும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அடைத்த ஓட்டையெல்லாம் திறந்தாள். காற்று குபுகுபுவென்று ஓடியது. பாசியை வாசலிலேயே தொங்கவிட்டாள்.

முழுநிலாவன்று பாசி பால் மாதிரி இருந்தது.

"மூடித்தானே வச்சீங்க அக்கா? அடி அறையிலதானே?"

"பின்னே?" என்றாள் முள்ளாயி, கொஞ்சமும் கூசாமல்.

"அப்போ பயமே இல்லக்கா!" செவலி சந்தோஷமாகப் போய்விட்டாள்.

முள்ளாயி மறுபடியும் ஓட்டைகளை அடைத்தாள். பாசி மெத்தென்று இருந்தது. வீணாக்குவானேன்? அடி அறையில் பூமுள் படுக்கிற சருகுக்கு அடியில் பரப்பிவிட்டாள்.

குளிர்காலம் பாதி போயிற்று. ஒரு காலையில் படுக்கையைத் தட்டிப் போடச் சருகைப் புரட்டினாள்.

"ஐயையோ!"

பாசி கரிக்கட்டையாகக் கிடந்தது! அழுக்கோ என்று தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. திருப்பிப் பார்த்தாள். அந்தப் பக்கமும் கறுப்பு. முள்ளாயியின் உடம்பில் இருந்த முள்ளெல்லாம் குத்திட்டு நின்றன.

"இதுமேலயா என் புள்ளையப் படுக்க வச்சேன்! அந்த மனுஷன் இருமினப்பல்லாம் மண்ணை அப்பினது நான்தானே! பாவி, நான்தானே!"

நகம் பிய்ந்து ரத்தம் வர வர, சுவரில் அப்பிய மண்ணையெல்லாம் பறண்டி எறிந்தாள். பனிக்காற்று உள்ளே பாய்ந்தது.

"அம்மா, குளிருதும்மா!"

"குளிரட்டும்டி! குளிரட்டும்!"

மகளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, எதிர்மலையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"செவலி! நான் உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்டி! ஓடி வாடி!"

சோதிக்க வந்தவரை ஏமாற்றிவிடலாம், வீட்டுக்குள் இருக்கிற ஆபத்தை யாராலும் ஏமாற்ற முடியாது.