தங்க நிறப் பிளக்-இன்

இசையமைப்பாளர் குலோத்துங்கனுக்குக் காதைவிட வாய் பெரிசு. அவருடைய பாட்டுகளுக்குக் கடைசி மெருகேற்றும் மாஸ்டரிங் வேலையைக் கொருக்குப்பேட்டையில், தன் வீட்டிலேயே செய்துகொடுப்பவள் ஜெசிந்தா. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர். அதில் இலவசமாகவும் தள்ளுபடியிலும் கிடைத்த, ஒலியைச் சீராக்கும் பிளக்-இன் மென்பொருள்கள் நாலைந்து. ஸ்டூடியோ அவ்வளவுதான்.

ஒருநாள் தயாரிப்பாளர் மாசானத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார் குலோத்துங்கன். பாட்டைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, தகர டப்பா மாதிரி இருக்கு! லண்டன்ல ஒவ்வொருத்தனும் தங்கக் கலர்ல ஒரு பிளக்-இன் வச்சிருக்கான். விலையைக் கேட்டாலே உனக்கு மயக்கம் வரும். அரை மணி நேரத்துல அதை வாங்கிப் போடு. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"டீ குடிச்சிட்டு வாங்க சார், ரெடி பண்ணிடறேன்" என்றாள் ஜெசிந்தா.

திரும்பி வந்தால் திரை முழுக்கத் தங்கம் மின்னியது, பெரிய பெரிய திருகு குமிழ்களோடு. குலோத்துங்கன் முதலில் திரையைப் பார்த்தார். பிறகுதான் பாட்டுக்குக் காது கொடுத்தார்.

"ஆகா! இதுதான்யா சவுண்டு! காசு பேசுது பாருங்க! ஏம்மா, இப்ப அதை ஆஃப் பண்ணிக் காட்டு. வித்தியாசம் மாசானம் சாருக்கும் புரியட்டும்."

"ஆஃப் பண்ண முடியாது சார். அது நெட்டுல எடுத்த போட்டோ. ஓடுறது நீங்க முதல்ல கேட்ட அதே பாட்டுதான்."

குலோத்துங்கன் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

மாசானம் எழுந்தார். "போட்டோவே இவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னா, அடுத்த படத்துக்கு உங்க போட்டோ போதும் சார்."