ஆறும் இறங்கியாச்சு

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று தெய்வானைக்குப் பயம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். போனில் கேட்டதை எழுதி வைக்க வேகம் போதாது. அதனால் அதையே முணுமுணுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஒரு சொல் பிசகினாலும் வீட்டுக்காரர் மாசிலாமணி தண்ணீரோடு போய்விடுவார். அவருக்கும் நீச்சல் தெரியாது, இவளுக்கும் தெரியாது.

வாசலில் சிவப்பாக, நீளமாக ஒரு கயாக் படகு கிடந்தது. கொழுந்தன் குழந்தைவேலு எங்கோ பழசாக வாங்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மலையாற்றில், பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாயும் தண்ணீரில், மூவரும் அதில் போவதாக ஏற்பாடு. மலையில் படகு விடப் பழக்குகிறவரிடம் விவரம் கேட்பது தெய்வானையின் பொறுப்பு.

"ரெண்டே ரெண்டுதான் சொன்னாரு," என்றாள். "என்ன ஆனாலும் துடுப்பைக் கையை விட்டு விடக் கூடாதாம். அப்புறம், மழை பெஞ்சிருக்காம். ஆறு இறங்கின பிறகுதான் நாம இறங்கணுமாம்."

மாசிலாமணி அந்த நொடியே துடுப்பை இரண்டு கையாலும் பிடித்தார். மூன்று நாள் அவருக்குச் சோறு ஊட்டியது தெய்வானைதான். தூக்கத்தில் அவர் புரண்டால் அடி இவளுக்கு என்பதால், படகோடு வந்த தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே படுத்தாள்.

ஆறு எங்கே வந்து இறங்கும் என்பதுதான் பெரிய விவாதமாகிப் போனது.

"மலையில இருந்து வர்றவங்க எல்லாம் எங்க இறங்குறாங்க, மதினி?" என்றான் குழந்தைவேலு.

"பஸ் ஸ்டாண்டுல."

"அப்ப ஆறு மட்டும் வேற எங்க இறங்கும்?"

"பஸ்ஸு கூட்டமா இருந்தா என்னடா செய்யும்?" என்று மாசிலாமணி கவலைப்பட்டார்.

"நின்னுக்கிட்டு வரும். ஆறு உக்கார்ந்து பார்த்திருக்கியாண்ணே?"

ஞாயிறு காலை, பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழக் கடையை ஒட்டிப் படகைப் போட்டு ஆண்கள் இருவரும் அதில் ஏறி உட்கார்ந்தார்கள். மலையிலிருந்து வந்த முதல் இரண்டு பஸ்ஸிலும் ஈரமே இல்லை. மூன்றாவது பஸ் வந்தது. ஆறு பேர் இறங்கினார்கள். கண்டக்டர் படியில் நின்று டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

தெய்வானை கிட்டப் போய்க் கேட்டாள். "அண்ணே, ஆறு இறங்கிருச்சா?"

"ஆறும் இறங்கியாச்சும்மா," என்றார் அவர், தலை நிமிராமல். "வழிய விடுங்க, வண்டி உடனே மலைக்குத் திரும்புது."

மாசிலாமணி துடுப்பை ஓங்கிவிட்டார். எந்தப் பக்கமிருந்து பாயுமோ, யார் கண்டது? சுற்றும் முற்றும் பார்த்த தெய்வானை, திடீரென்று வீட்டுக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து அதே பஸ்ஸில் ஏற்றினாள். குறுக்கே மாட்டிக்கொண்ட துடுப்பை நாலு பேர் சேர்ந்து திருப்பினார்கள். கொழுந்தனையும் கூப்பிட்டாள். அவன் வரவில்லை.

"யாராவது ஒருத்தர் இருக்கணும்ல, மதினி. இவ்வளவு தூரம் வந்த ஆறு என்ன நினைக்கும்?"

பஸ் கிளம்பியது. எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டார்.

தெய்வானை தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டாள். "ஆத்துக்கு நட்டநடுவுல இறக்கி விட்டுருங்கண்ணே. இப்ப அதுதான் காலியாக் கிடக்கும்."