நாவல் மரத்தடி வளைவு

மலைச்சரிவுக் காடு ஒன்றில் கரியன் என்ற காட்டெருமை இருந்தது. அதன் முதுகில் எப்போதும் ஒரு மைனா உட்கார்ந்திருக்கும்.

காட்டெருமைகளுக்கு நேராக ஓடத்தான் தெரியும் என்று காடே கேலி பேசும். அதைப் பொய்யாக்கக் கரியன் கோடை முழுவதும் காய்ந்த குளத்தில் வளைந்து வளைந்து ஓடிப் பழகியது.

“மூங்கில் புதரைச் சுற்றி வந்தேனே, பார்த்தாயா? வல்லி மான்கூட இப்படித் திரும்பாது!”

“திரும்பினாய் அண்ணே! ஆனால் உனக்குப் பாதிக் குளம் தேவைப்பட்டதே!” என்றது மைனா.

ஓடைக்கு இறங்கும் பாதை ஓரிடத்தில் சட்டென்று வளையும். அதற்கு அப்பால் பெரும் பள்ளம்.

“அந்த வளைவில் நீ எங்கே வேகத்தைக் குறைப்பாய்?” என்று கரியன் ஒருநாள் வல்லியிடம் கேட்டது.

“நாவல் மரத்தடியில்தான் அண்ணா! அதற்கு முன்னால் குறைத்ததே இல்லை!”

மந்தையின் மற்ற எருமைகளோ வெகுதூரம் மேலே, கறையான் புற்றருகிலேயே நடக்கத் தொடங்கிவிடும்.

“கிழட்டு நடை!” என்று கரியன் சிரித்தது.

முதல் மழை பெய்த காலையில் வல்லி மூச்சிரைக்க ஓடி வந்தது. “அண்ணா! ஓடைக்கரையில் உன் கன்றைச் செந்நாய்கள் வளைத்துக்கொண்டன!”

கரியன் பாய்ந்தது. வல்லி முன்னால் ஓடியது. மந்தை பின்னால் வந்தது.

“புற்று வந்துவிட்டது! மெதுவாக அண்ணே!” என்று மைனா கத்தியது.

“அங்கே இருப்பது என் கன்று! மான் இன்னும் பறக்கிறது, பார்!”

வல்லி நாவல் மரத்தடியில் காலை ஊன்றியது. திரும்பியது. மறைந்தது.

கரியனும் அதே இடத்தில் காலை ஊன்றியது. கால் நின்றது, உடம்பு நிற்கவில்லை. ஈர மண்ணோடு சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. மைனா மட்டும் மேலே பறந்தது.

புற்றருகே வேகத்தைக் குறைத்த மந்தை, வளைவைக் கடந்து ஓடைக்கரை சேர்ந்தது. அத்தனை கொம்புகளைக் கண்டதும் செந்நாய்கள் சிதறி ஓடின. கன்று பாறையிடுக்கில் நடுங்கிக்கொண்டு நின்றது.

“அப்பா வரவில்லையா?” என்று கேட்டது.

வல்லி தலை குனிந்து சொன்னது: “எங்கே குறைப்பாய் என்று அண்ணா கேட்டார். என் இடத்தைச் சொன்னேன். அவர் எடையை நான் நினைக்கவில்லை.”

எவ்வளவு வித்தை கற்றாலும், தன் பாரத்தை அறிந்து தனக்கு உரிய இடத்தில் வேகத்தைக் குறைப்பவரே போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவார்.