வேட்டைக்காரி விழுந்த பள்ளம்

ஜெனோவா டீச்சர் வீட்டு மேசையில் ஞாயிறுதோறும் ஒரு விளையாட்டு நடக்கும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டித் தப்பிப்பார்கள், இல்லையென்றால் மாட்டிக்கொள்வார்கள்.

கதை நடத்தும் வித்தையை டீச்சரிடம் கற்றுக்கொண்டிருந்தார் மோட்டார் காயில் கட்டும் குபேந்திரன். டீச்சரைவிட வயதில் மூத்தவர். அவர் தனியாக நடத்திய முதல் ஆட்டத்திலேயே, வேட்டைக்காரி வேடம் ஏற்றிருந்த சபுரா பாதியில் எழுந்து போய்விட்டார். பிறகு வரவே இல்லை. வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று செய்தி மட்டும் வந்தது.

குபேந்திரனுக்கு மனசு கேட்கவில்லை. நேரே டீச்சரிடம் வந்தார்.

"நான் சட்டப்படிதான் நடத்தினேன் டீச்சர்."

டீச்சர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து, அடுக்களைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"சொல்லுங்கண்ணே."

"காட்டுப் பாதையில ஒரு பள்ளம். மேல சருகு. சபுராவோட வேட்டைக்காரிதான் முன்னால போறா. உருட்டச் சொன்னேன். ஒண்ணு விழுந்துச்சு. பள்ளத்துக்குள்ள போயிட்டா. கூட ஆடற ராயப்பன் சும்மா இருப்பாரா? 'கழுகுக் கண்ணுன்னு பீத்திக்கிட்டியே, முதல்ல ஒரு கண்ணாடி வாங்கும்மா'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான்."

"பாதையில ஏதாவது தேடறேன்னு சபுரா சொன்னாங்களா?"

"இல்லை. சும்மா நடந்து போனாங்க."

"வேட்டைக்காரியோட கவன எண்?"

"எல்லாரையும்விட அதிகம். தேடாமலே கண்ணுல படறதுக்குத்தான் அந்த எண், தெரியும். ஆனா கையில பகடை இருக்கறப்ப அதை எதுக்குப் பார்க்கணும்னு... டீச்சர், பால்!"

குபேந்திரன் பாய்ந்து போய் அடுப்பை அணைத்தார். பாதிப் பால் மேடையில் ஓடியிருந்தது. டீச்சர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"உருட்டினீங்களா?"

"எதை?"

"பகடையை."

கரித்துணியும் கையுமாக அவர் திகைத்து நின்றார். "வாசனை தானா வந்துச்சே டீச்சர்."

"சரி. அங்கதான் ஏலக்காய் இருக்கு. எடுத்துட்டு வாங்க."

ஒரு டப்பாவில் வெந்தயம். ஒன்றில் கடுகு. இன்னொன்றில் ஊசியும் நூலும்.

"எங்க வச்சிருக்கீங்க?"

"தேடுங்க."

உப்பு ஜாடிக்குப் பின்னால் கிடைத்தது. வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

"இப்படித் தேடறதுக்கு உருட்டச் சொல்லுங்க," என்றார் டீச்சர்.

குபேந்திரன் மெல்ல உட்கார்ந்தார். "அப்போ பள்ளம் இருக்குன்னு நானே அவங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

டீச்சர் மிச்சப் பாலில் ஏலக்காய் தட்டிப் போட்ட டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"பள்ளம் என் தப்புதான். ஆனா இவ்வளவு வருத்தப்படுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை பேசலை. அடுத்து உருட்ட அவங்க முறை வந்தப்ப தலையை மட்டும் ஆட்டினாங்க. ஆட்டம் முடியறதுக்குள்ள பகடையைப் பையில போட்டுக் கட்டிட்டாங்க. தலைவலின்னு கிளம்பிட்டாங்க. வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்?"

"பால் சொல்லிட்டா பொங்குச்சு?"

டீயில் ஆடை படியத் தொடங்கியது. குபேந்திரன் அதைத் தொடவே இல்லை. எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

"எங்கண்ணே?"

"சபுரா வீட்டுக்கு. வேட்டைக்காரி பள்ளத்தைப் பார்த்து முன்னாடியே நின்னுட்டாள்னு வச்சு, கதையை அங்கயிருந்து தொடங்கறேன்னு சொல்லிடறேன்."

"அதை அப்புறம் சொல்லுங்க," என்றார் டீச்சர். "கதவைத் திறந்ததும் முதல்ல அவங்க முகத்தைப் பாருங்க."